முதல் கிண்ணம் ரோஸ்லோருக்கு

என் கைக்குச் சோறு போடத்தான் தெரியும், மருந்து வைக்கத் தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் இருக்கிற எங்கள் வளவில் கேட்கிற காது ஒன்றுகூட இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ப்ரெவில் எங்கள் வளவில் கிணற்றடி வீட்டுக்காரன், கொத்தனார். வேலை விட்டு வந்தால் சந்தை முனையில் நான் போட்டிருக்கும் வறுவல் கடையில் நின்று வாழைக்காயும் பன்றிக்கறியும் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அன்றைக்கு வரும்போதே கரும்புச் சாராயம் ஏற்றிக்கொண்டு வந்தான். வாழைக்காய் கருகிக் கிடக்கிறது, கறியெல்லாம் எலும்பு, இந்தப் பொம்பளை நம்மை ஏமாற்றுகிறாள் என்று வரிசையில் நின்றவர்களிடம் பிரசங்கம் பண்ணினான். எனக்கு மூக்கின்மேல் கோபம். தட்டை அவன் முன்னால் நக்கென்று வைத்து, "தின்னுத் தொலை" என்றேன். மறுநாள் காலையில் ஆள் பிணம்.

தின்னுத் தொலை என்று சொல்லாத வாய் இந்த ஜாக்மெல் ஊரில் எந்த வாய்? அவனுக்கு வயிற்றில் புண் இருந்தது ஊருக்கே தெரியும். அந்த வயிற்றில் சாராயத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்க ஒரு ஆள் இல்லை. அவன் மனைவி ரோஸ்லோர் தலையில் அடித்துக்கொண்டு, "ஒதானி அக்கா கடையிலதான் சாப்பிட்டுட்டு வந்தாரு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. அடக்கம் முடிவதற்குள் நான் மருந்து வைத்தவள் ஆகிவிட்டேன். யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நேரே பதில் சொல்லியிருப்பேன். கடைக்கு வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். நான் பொரித்ததை ஈக்கள் தின்றன, மிச்சத்தை என் புருஷன் வில்நேர் தின்றான். அவன் மோட்டார் சைக்கிளில் வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவன். என் சோற்றைத் தின்றும் இவன் சாகவில்லையே என்று அவன் பின்னால் ஏறி உட்காருகிற யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் எக்ஸிலியன் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வளவு மனை அவருடையது, செத்துப்போன ப்ரெவில் அவர் கூடப்பிறந்த தம்பி. தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காபி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொன்ன வேகத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"வளவுன்னா ஒருத்தர் சட்டியில ஒருத்தர் கை வைக்கணும் ஒதானி," என்றார். "புது வருஷம் ஒண்ணாந்தேதி சூப்பு கிண்ணம் வீட்டுக்கு வீடு போகும்ல. உன் கிண்ணத்த எல்லாரும் வாங்கிக் குடிச்சா நீ இரு. குடிக்காம திரும்பி வந்துச்சுன்னா வேற எடம் பாத்துக்க. எனக்கு வேற வழி தெரியல."

அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டு மனசையாவது ஆற்றிக்கொள்ளலாம்.

மலைமேல் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம், அங்கே இடம் இருக்கிறது, காற்றும் நல்ல காற்று என்று வில்நேர் சொன்னான். காற்றைத் தின்றா உயிர் வாழ்வது?

"இப்ப போனா நான்தான் வெச்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி," என்றேன். "எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பேரு எனக்கு முன்னால போயி வாசல்ல உக்காந்திருக்கும். நான் சூப்பு வெக்கத்தான் போறேன்."

வைப்பதென்று முடிவு செய்ததும் எப்படி வைப்பது என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். கொல்லை அடுப்பில் வைத்தால் ஒளிந்து வைத்தாள் என்பார்கள். அதனால் வளவின் நட்ட நடுவில், மாமரத்தடியில், எல்லா வீட்டு வாசலுக்கும் தெரிகிற இடத்தில் கரி அடுப்பைக் கொண்டுபோய்ப் போட்டேன். புது வருஷமும் விடுதலை நாளுமான ஒண்ணாந்தேதிக்கு எல்லா வீட்டிலும் வைக்கிற பரங்கிச் சூப்புக்கு மாட்டுக்கறி போடுவதுதான் வழக்கம். கறித்துண்டுக்குள்ளே எதையும் ஒளிக்கலாம் என்று ஒரு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். கறியே வேண்டாம், முழுக்க முழுக்கக் காய்கறி என்று தீர்மானித்தேன். ஒளிக்க இடமே இல்லாத சூப்பு. வில்நேருக்கு முகம் தொங்கிப்போயிற்று. கறி இல்லாத ஒண்ணாந்தேதியை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

முதல்நாள் சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து பரங்கிக்காயை நறுக்கினேன். மலையிலிருந்து வந்த காய், பச்சைத் தோல், உள்ளே நல்ல ஆரஞ்சு. ஒவ்வொரு துண்டையும் எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக் கழுவினேன். யாரும் கிட்டே வரவில்லை. ஆனால் அன்றைக்கென்று எல்லார் வீட்டுக் குழந்தைக்கும் வாசலில் வைத்துத்தான் தலை பின்ன வேண்டியிருந்தது, எல்லார் வீட்டுத் துணியும் கொடியில் அப்போதுதான் காய்ந்தது.

ஒண்ணாந்தேதி விடிந்ததும் அடுப்பு மூட்டினேன். பரங்கிக்காயைத் தோலோடு வேகவைத்து, சதையை வழித்து, சல்லடையில் வைத்துக் கட்டையால் அழுத்தித் தேய்த்து மாவாக்கினேன். பூண்டு, வெங்காயத்தாள், பார்ஸ்லி, தைம் இலை எல்லாவற்றையும் மர உரலில் போட்டு இடித்தேன். பெரிய அலுமினியச் சட்டியில் எண்ணெய் விட்டு அந்த விழுதை வதக்கினபோது வாசம் வளவு முழுக்கச் சுற்றியது. கிராம்பு தட்டிப் போட்டேன். பரங்கி மாவைக் கரைத்து ஊற்றினேன். அது மெதுவாகக் கொப்புளிக்க ஆரம்பித்ததும் கேரட், டர்னிப், உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, கடைசியில் முட்டைக்கோஸ். ஒவ்வொன்றும் போய் விழும்போது சட்டி ஒரு நிமிஷம் அடங்கி மறுபடி பேச ஆரம்பிக்கும். எனக்குக் கொஞ்ச நேரம் மற்றதெல்லாம் மறந்தே போயிற்று. சமைக்கும்போது மட்டும் எனக்கு அப்படி ஒரு வரம்.

பிறகு மிளகாய். எங்கள் ஊர் உருண்டை மிளகாய் சுண்டைக்காயைவிடப் பெரியது, தக்காளியைவிடச் சின்னது, பார்க்கச் சாது. காம்போடு, கீறல் இல்லாமல், முழுசாகச் சூப்பின் மேல் மிதக்க விடவேண்டும். வாசம் மட்டும் இறங்க வேண்டும். காரம் இறங்கக் கூடாது. உடையுமுன்னே காம்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். உடைந்தால் அந்தச் சட்டியை மறந்துவிடலாம். அதனால் மிளகாய் போட்டபின் கரண்டியைச் சட்டியின் ஓரமாக மட்டும், அடியைத் தொட்டுத் தொட்டு ஓட்டுவோம். கலியாணம் ஆகாத பெண்களும் அறிந்த பாடம் இது.

மிளகாய் மிதந்துகொண்டிருந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக் கிளமான்ஸ் வந்தாள். தையல்காரி. வாய் மட்டும் மெஷின்போல ஓடும். தீப்பெட்டி இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். அவள் அடுப்பு புகைந்துகொண்டிருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. தீப்பெட்டியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கறி போடலையாக்கா?"

போடவில்லை என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும். நீங்க போயிட்டா இந்த மரத்தடி வெறிச்சுன்னு ஆயிடும் பாருங்க." பிறகு குரலை இறக்கினாள். "உங்க வீட்டுக்குக் குடிவர எக்ஸிலியன் அண்ணன் ஆள் பாத்துட்டாராமே. கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே, நீங்க கடையில இருக்கப்ப வந்து சுவரெல்லாம் தட்டிப் பாத்துட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்றால் அவர் என்னிடம் வந்து பேசுவதற்கும் முன்னாலேயே. அப்படியானால் கிண்ணம், சூப்பு, வாங்கிக் குடிப்பது எல்லாம் வெறும் பேச்சா? நான் இங்கே வெந்து சாவது இவர்களுக்கு வேடிக்கையா? கிளமான்ஸ் போய்விட்டாள். அவளைத் திட்ட வேண்டிய கோபமெல்லாம் என் கைக்கு வந்து, கரண்டியைச் சட்டிக்குள் விட்டுச் சுழற்றினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஏதோ ஒன்று கரண்டிக்கும் சட்டிக்கும் நடுவில் மெத்தென்று நசுங்கியது.

கரண்டியைத் தூக்கினேன். மிளகாய் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. வெள்ளை விதைகள் ஆரஞ்சுச் சூப்பின்மேல் நாலாபக்கமும் பரவிப் போய்க்கொண்டிருந்தன.

வில்நேரைக் கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிடக் கூடப் பயம். அவன் வந்து பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டான். விதைகளைச் சின்னக் கரண்டியால் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தேன். என்ன பிரயோஜனம்? காரம் இறங்கிவிட்டது. ஒரு வாய் குடித்தால் இருமல் வரும், கண்ணில் தண்ணீர் கொட்டும், தொண்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மருந்து வைத்தவள் என்று பேர் வாங்கினவளுடைய சூப்பைக் குடித்துவிட்டு ஒருத்தர் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் யார் யாரை விசாரிக்கப் போகிறார்கள்?

இன்னொரு பரங்கிக்காய் இருந்தால் காரத்தை அமுக்கிவிடலாம். ஒண்ணாந்தேதி காலையில் ஊரில் எந்தக் கடையில் பரங்கிக்காய் கிடைக்கும்? எல்லாம் முதல்நாளே சட்டிக்குப் போயாயிற்று. மிச்சம் இருந்த உருளைக்கிழங்கு அத்தனையையும் போட்டேன். மக்கரோனியை இரட்டிப்பாகப் போட்டேன். வெண்ணெயைக் கட்டியாகப் போட்டேன். எலுமிச்சை பிழிந்தேன். பிறகு ருசி பார்த்தேன். முன்பு நெருப்பு, இப்போது கங்கு.

"அடுப்பு சரிஞ்சு சட்டி கவுந்துருச்சுன்னு சொல்லிடலாம்," என்றான் வில்நேர். "நான் இடிச்சுட்டேன்னு சொல்லிக்கிறேன். யாரு கேக்கப் போறா?"

சட்டியின் விளிம்பில் அவன் கையை வைத்தே விட்டான். எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு தள்ளு, எல்லாம் மண்ணில். ஆனால் கிளமான்ஸ் ஜன்னலில் இருந்தாள். நான் கவிழ்த்தால், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து தானே கொட்டிவிட்டாள் என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேசும். கொடுத்தாலும் கெட்டேன், கொட்டினாலும் கெட்டேன். கொடுத்துக் கெடுவதென்று முடிவு செய்தேன். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

பூசை முடிந்து எல்லாரும் புதுத்துணியோடு வந்தார்கள். வாழ்த்துச் சொல்லி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கிண்ணங்கள் வெள்ளைத் துணி மூடி வீட்டுக்கு வீடு போக ஆரம்பித்தன. எங்கள் வளவில் அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் எல்லாரும் முதல் கிண்ணம் கொடுப்போம். அதாவது என் முதல் கிண்ணமும் ரோஸ்லோருக்கு. அவள் வாங்கிவிட்டால் மற்றவர்கள் வாங்கியே தீர வேண்டும். அவள் வாங்காவிட்டால் வேறு யார் வாசலுக்கும் போகவே வேண்டாம்.

கறுப்பு உடையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். பக்கத்தில் அவளுடைய சூப்புச் சட்டி, ஸ்டூலின் மேல் மற்ற வீடுகளிலிருந்து வந்த கிண்ணங்கள். எல்லார் வீட்டுக்கும் தன் பங்கையும் கொடுத்து முடித்திருந்தாள், என் வீட்டைத் தவிர. நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தடியிலிருந்து நடந்தபோது பேச்சுச் சத்தம் அத்தனையும் நின்றுபோயிற்று. சூப்பு தளும்பிச் சிந்திவிடக் கூடாதே என்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எல்லாருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன். "ரோஸ்லோர், உனக்கு முதல் கிண்ணம் கொண்டாந்திருக்கேன். சட்டியில மிளகாய் ஒடஞ்சு போச்சு. காரமா இருக்கும், இருமல் வரும். அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல."

"காரத்துக்கு அடியில எத வேணா மறைக்கலாமே," என்றாள் கிளமான்ஸ் பின்னாலிருந்து. ஒருத்தன் சிரித்தான். சிரித்தவன் தன் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அந்தக் கிண்ணத்திலிருந்தே ஒரு கரண்டி அள்ளிக் குடித்தேன். பிறகு இன்னொரு கரண்டி. நாக்கு வெந்தது, காது அடைத்துக்கொண்டது. இருமல் நெஞ்சில் வந்து முட்டியது. இருமினால் தீர்ந்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. காரத்தில் வந்த தண்ணீர் எது, அவமானத்தில் வந்த தண்ணீர் எது என்று எனக்கே தெரியவில்லை.

"மாத்து மருந்து தின்னுட்டு வந்திருப்பாங்க," என்றாள் கிளமான்ஸ்.

எக்ஸிலியன் அண்ணன் கையைத் தூக்கி அவளை அடக்கினார். பிறகு ரோஸ்லோரிடம், உனக்கு இஷ்டம் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மலைக் காற்றுதான் இனி.

ரோஸ்லோர் என் முகத்தைப் பார்த்தாள். ப்ரெவில் செத்த நாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. எதிரே வந்தால் குனிந்துகொண்டு போய்விடுவாள். அன்றைக்கு நெடுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டிக் கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள்.

முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாயில் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு இருமல். முகம் வீங்கிச் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு கை தொண்டைக்குப் போயிற்று. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் வளவு முழுக்கக் கேட்டது. பெண்கள் ஓவென்று எழுந்தார்கள். எக்ஸிலியன் அண்ணன் பாய்ந்து வந்து கிண்ணத்தைப் பிடுங்கினார். அதே வேகத்தில் என் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார்.

"என் தம்பி போதலையா உனக்கு?"

என் சட்டியைக் கவிழ்க்க யாரோ மரத்தடிக்கு ஓடினார்கள். வில்நேர் குறுக்கே விழுந்து சட்டியைக் கட்டிக்கொண்டான். சுட்டிருக்கும், பாவம். அவன் என் பேரைச் சொல்லிக் கத்தியது கேட்டது.

"அவங்கள விடுங்க," என்றாள் ரோஸ்லோர்.

இருமலுக்கு நடுவே வந்ததால் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மறுபடி சொன்னாள். "விடுங்கண்ணே. மிளகாய்தான். வெறும் மிளகாய்."

எக்ஸிலியன் அண்ணன் பிடியை விடவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர் செத்தது ஒதானி அக்கா சாப்பாட்டால இல்ல," என்றாள். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன, துடைக்கவில்லை. "அன்னிக்கு வந்து கதவத் தட்டினாரு. குடிச்சிருந்தாரு. குடிச்சிட்டு வந்தா நான் தாப்பாள் போட்டுருவேன், ஒங்களுக்கே தெரியும், அவர் தட்டுற சத்தம் எல்லாருக்கும் பழகினதுதான். வயிறு எரியுது ரோஸ், தொறன்னாரு. எப்பவும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் தட்டல. தூங்கிட்டாருன்னு நெனச்சேன். வெளுக்கும்போது தொறந்தா படியில ரத்தமா கக்கிக் கெடந்தாரு. ஒடம்பு ஆறிப்போயிருந்துச்சு. யாரும் எந்திரிக்கிறதுக்குள்ள உள்ள இழுத்துப் போட்டுப் படியக் கழுவிட்டேன். அதுக்கப்புறம்தான் கத்தினேன்."

பிறகு அவள் வளவுக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"எங்க சாப்பிட்டாருன்னு கேட்டீங்க. அக்கா கடையிலன்னு சொன்னேன். அது பொய் இல்ல. நீங்களா மீதிய சொல்லிக்கிட்டீங்க. நான் வாயத் தொறக்கல."

என் தோளிலிருந்து எக்ஸிலியன் அண்ணன் கை தானாக விழுந்தது. தம்பி எவ்வளவு நேரம் தட்டினான் என்று கேட்டார். அவருடைய குரல் வேறு யாருடைய குரல்போலவோ இருந்தது.

"ரொம்ப நேரம்," என்றாள் அவள்.

அவர் தன் வீட்டுக்குள் போனார். ரோஸ்லோர் காலையில் கொடுத்தனுப்பியிருந்த கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை அவள் காலடியில், படியின்மேல் வைத்தார். அடுத்து மூலை வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் கிளமான்ஸ், துணிகூட விலக்காமல். ஒவ்வொரு கிண்ணமும் நிறைந்தபடி திரும்பி வந்து படியில் வரிசையாக உட்கார்ந்தது. ரோஸ்லோர் அவற்றுக்கு நடுவில், காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எக்ஸிலியன் அண்ணன் ஒரு காலிக் கிண்ணத்தோடு என் சட்டிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. "ஊத்து ஒதானி," என்றார். ஊற்றினேன். நின்றபடியே குடித்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தார். என் வீட்டுக்கு ஆள் பார்த்தது நிஜமா என்று கேட்டேன். நிஜம்தான், அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். அவருக்குப் பின்னால் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மாதக்கணக்காக என் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு அன்றைக்கு என் சூப்பின்மேல் என்ன ஒரு பிரியம். கிளமான்ஸ் இரண்டு கிண்ணம் கொண்டுவந்திருந்தாள்.

"மாத்து மருந்து தின்னுட்டு வந்தியாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினேன். அதைக்கூடக் கேட்காவிட்டால் நான் எதற்கு மனுஷி?

எல்லாரும் இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் குடித்தார்கள். காரச் சூப்பும் நன்றாகத்தான் இருக்கிறது, அடுத்த வருஷமும் உடைத்துவிடு என்று யாரோ சொன்னார்கள். நான் ஜெயித்துவிட்டேன். மலைக்குப் போக வேண்டாம், கடையை மறுபடி திறக்கலாம், என் பேர் எனக்குத் திரும்பிவிட்டது. வில்நேர் சுட்ட கையை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் படிப்பக்கம் பார்த்தேன். நல்லா வேணும் என்று மனசு சொன்னது. சொல்லாமல் இருக்குமா? என் சோறு ஈ மொய்த்துக் கிடந்தபோது குனிந்துகொண்டு தாண்டிப் போனவள்தானே அவள். ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். அவள் குரல்வளையை நெரிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. ஆனால் அந்தக் கிண்ணங்கள். நிறைந்து, ஆறி, மேலே ஏடு படிந்து, தொட ஆளில்லாமல். பொங்கிப் பொங்கி வைத்ததை ஒருத்தரும் தொடாமல் போவது எப்படி இருக்கும் என்று இந்த வளவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கரண்டியை வில்நேரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்த கிண்ணங்களில் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"ஒன்ன நான் மன்னிக்கல," என்றேன். "நல்லா கேட்டுக்க. மாசக்கணக்கா என்னைக் கொன்னிருக்க."

"தெரியும்க்கா."

எக்ஸிலியன் அண்ணன் திரும்பிய கிண்ணத்தை எடுத்தேன்.

"வேணாம்க்கா," என்றாள் அவள் மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

வாயில் வைத்தேன். ஆறிப்போயிருந்தது. பரங்கிக்காய் நல்ல காய், கிழங்கு நன்றாகக் குழைந்திருந்தது. இன்னொரு வாய் குடித்தேன், எல்லாரும் பார்க்கும்படி நிதானமாக. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு கம்மி," என்றேன்.

அவள் எழுந்து உப்பு எடுத்துவர உள்ளே போனாள்.